ஐந்து திருகாணிக் கசற்

பழைய காரின் டாஷ்போர்டிலிருந்து றேடியோவைக் கழற்றப் பலம் தேவையில்லை, பொறுமைதான் தேவை. பலருக்கு இது விளங்குவதில்லை. அவசரப்பட்டு இழுத்து, பிளாஸ்ரிக் காதை உடைத்துவிட்டு, காரைச் செய்தவனைத் திட்டுவார்கள். நான் அந்த ரகம் அல்ல. என் பெயர் இன்ஸாப். தாராபுரத்தில் இருக்கிறேன், மன்னாரில் ஒரு கூட்டுறவுச் சங்கத்தில் எழுதுவினைஞர் வேலை. வீட்டில் எது பழுதானாலும் வெளியே கொடுப்பதில்லை. நானே திருத்துவேன்.

என் கார் முப்பது வயது தாண்டியது. அதில் இருப்பது றேடியோவும் கசற் போடுகிற வாயும்தான். போனைச் செருகிப் பாட்டுக் கேட்கிற ஒக்ஸ் துளை கிடையாது. புது செற் ஒன்று போட்டால் அரை மணித்தியாலத்தில் முடியும் என்றான் கடைக்காரன். அரை மணித்தியாலத்தில் முடிகிற வேலையில் மனிதனுக்கு என்ன மரியாதை இருக்கிறது? யூரியூப்பில் ஏழு வீடியோ பார்த்தேன். செற்றைத் திறந்து, கசற்றின் சத்தம் ஓடுகிற இடத்தைக் கண்டுபிடித்து, அங்கே மூன்று வயர்களை ஈயம் உருக்கி ஒட்ட வேண்டும். வயரின் மறுமுனையில் ஒக்ஸ் துளை. அவ்வளவுதான்.

ஒரேயொரு சிக்கல் உண்டு. உள்ளே கசற் சுற்றுகிறது என்று நம்பினால்தான் செற் பாடும். ஆகவே நாடா எடுத்த வெறுங்கூடு ஒன்றைப் போட்டுச் சுற்றவிட வேண்டும். எங்கள் வீட்டில் ஐந்து கசற்றுகள் இருந்தன. நான்கில் இஸ்லாமிய கீதங்கள். அவற்றின் கூடு ஒட்டி மூடியது, திறந்தால் வெடிக்கும். ஐந்தாவதில்தான் ஐந்து சின்னத் திருகாணிகள் இருந்தன. தொழில் தெரிந்த எவனும் ஐந்தாவதைத்தான் எடுப்பான்.

அந்த ஐந்தாவதில் என் மாமா, அதாவது மனைவியின் வாப்பா, அப்துல் றசாக்கின் குரல் இருந்தது.

அந்தக் காலத்தில் சவூதிக்குப் போனவர்கள் கை நோகக் கடிதம் எழுத மாட்டார்கள். கசற்றில் பேசி, லீவில் வருகிற ஆளிடம் கொடுத்துவிடுவார்கள். இங்கே குடும்பம் முழுக்கச் சுற்றியிருந்து கேட்கும். மாமா தம்மாமில் லொறி ஓட்டினார். நாங்கள் இடம்பெயர்ந்து புத்தளத்தில் இருந்த காலம், தொண்ணூற்றெட்டாம் ஆண்டு, என் மனைவி பரீனாவுக்கு என்னை மாப்பிள்ளையாகப் பேசிக்கொண்டிருந்தார்கள். அப்போது வந்த கசற் அது. வந்து இரண்டு மாதத்தில் மாமா அங்கேயே மௌத்தாகி, அங்கேயே அடக்கப்பட்டார். அவருடைய குரல் உலகத்தில் வேறெங்கும் இல்லை. கலியாணப் பேச்சு இருந்ததால் அந்தக் கசற்றை மாமி மட்டும்தான் கேட்டிருந்தார். பிறகு இடம் மாறியதில் அது தொலைந்துவிட்டதாகவே எல்லோரும் நினைத்திருந்தோம். போன வருடம் மாமி மௌத்தானபின் அலுமாரியை ஒதுக்கும்போது, சேலைகளுக்கு அடியில் இருந்த பிஸ்கற் தகரத்தில் அகப்பட்டது.

பரீனா அதைத் துப்பட்டியில் துடைத்துத் துடைத்து வைத்திருந்தாள். ஊரில் கசற் போட வேறு வழியில்லை, என் கார்தான்.

"இஞ்ச பாருங்கோ, பெருநாளுக்கு ரிஸ்கான் பிள்ளையளோட வாறான். எல்லாரும் காருக்குள்ள இருந்து ஒண்டாக் கேப்பம். அதுக்கு முதல் செற் நாடாவ ஒழுங்கா இழுக்குதோ எண்டு வேற கசற்றப் போட்டுப் பாருங்கோ. வாப்பாடத நான் இல்லாமக் கேட்டிராதீங்கோ."

ரிஸ்கான் அவளுடைய தம்பி. புத்தளத்தில் கடை வைத்திருக்கிறான். ஒரு பகிடியைக் கேட்டால் பத்து வருடத்துக்குச் சொல்லிச் சொல்லிச் சிரிக்கிற ஆள்.

நான் வேறு கசற்றைத்தான் போட்டுப் பார்த்தேன். நன்றாக ஓடியது. ஆனால் ஒரு கசற்றுக்கு ஓடுகிற செற் இன்னொன்றுக்கு ஓடும் என்று எவன் உத்தரவாதம் தருவான்? பேசாலைக்கு மீன் வாங்கப் போன ஒரு நாள், பனைகளுக்குப் பக்கத்தில் காரை நிறுத்தி, கண்ணாடிகளை ஏற்றிவிட்டு, மாமாவைப் போட்டேன்.

தெளிவான குரல். ஸலாம் சொன்னார். கிணற்றில் உப்புத் தண்ணீர் வருகிறதா என்று கேட்டார். பரீனாவின் பல்வலியை விசாரித்து, அவள் பிறந்தபோது தான் தலைமன்னார் ரயிலைத் தவறவிட்ட கதையைச் சொன்னார். எனக்கே கண் கலங்கியது. பிறகு என்னிடம் வந்தார்.

"அந்த இன்ஸாப் நல்ல குடும்பம்தான். தொழுகையும் இருக்கு. ஆனா போன லீவில என்ட றேடியோவத் திருத்தித் தாறன் எண்டு தூக்கிக்கொண்டு போனான். திருப்பிக் கொண்டு வரேக்க மூண்டு திருகாணி மிச்சம் எண்டு கையில தந்தான். றேடியோ அண்டைக்கு வாயப் பொத்தினதுதான். கேட்டா, அது முதலே பழுது எண்டான். இஞ்ச பாருங்கோ, அந்தப் பொடியன் தொட்டத உடைப்பான், உடைச்சத ஒத்துக்கொள்ள மாட்டான். நல்லா யோசிங்கோ."

அதன் பிறகு சிரித்தார். நீளமான சிரிப்பு. அறையில் இன்னும் இரண்டு மூன்று பேர் இருந்திருக்க வேண்டும், அவர்களும் சேர்ந்துகொண்டார்கள். நான் நிறுத்திவிட்டேன். மறுபக்கத்தைக் கேட்கவில்லை, அவசியமாகத் தோன்றவில்லை.

அந்த றேடியோ முதலே பழுதுதான். அதை இன்றைக்கும் சொல்வேன்.

என் நிலையிலிருந்து நீங்கள் யோசிக்க வேண்டும். இருபத்தேழு வருடமாக அந்தக் குடும்பத்தில் மின்விசிறி நின்றாலும் மோட்டார் நின்றாலும் என்னைத்தான் கூப்பிடுகிறார்கள். பெருநாள் அன்று ரிஸ்கானும் அவன் மனைவியும் நான்கு பிள்ளைகளும் காருக்குள் நெருக்கியடித்திருந்து, நான் ஸ்டீயரிங்கைப் பிடித்துக்கொண்டிருக்க, மாமா அப்படிச் சிரித்தால் என்ன ஆவது? அதோடு, தன் கணவனைத் தன் வாப்பாவே கேவலமாகப் பேசியதைக் கேட்டால் பரீனாவின் மனம் என்ன பாடுபடும்? அவளுக்காகத்தான் முக்கியமாக யோசித்தேன். ஒக்ஸ் பூட்டும் எண்ணம் ஏற்கெனவே இருந்தது. கூடு ஒன்றும் தேவைப்பட்டது. ஒரு கல்லில் இரண்டு மாங்காய்.

சனிக்கிழமை பரீனா எருக்கலம்பிட்டிக்குக் கலியாண வீட்டுக்குப் போனாள். நான் மாமரத்தடியில் மேசையைப் போட்டு ஐந்து திருகாணிகளையும் கழற்றினேன். நாடா நினைத்ததைவிட நீளம். வீசுவதற்கு மனம் வரவில்லை. சங்கத்தில் என்னோடு வேலை செய்கிற சின்னத்தம்பிக்குக் கட்டுக்கரைக் குளத்துப் பக்கம் வயல் இருக்கிறது. கதிர் முற்றுகிற நேரம், குருவிகளைக் கலைக்கக் கசற் நாடா இருந்தால் தா என்று முன்பே கேட்டிருந்தார். வயலுக்குக் குறுக்கே கட்டினால் காற்றில் அது விர்ரென்று சத்தம் போடும், குருவி அண்டாது. அவருக்குக் கொடுத்தேன். மிகவும் சந்தோஷப்பட்டார்.

வயர்களை ஒட்டி முதல் தடவை போனைச் செருகியபோது காரின் ஹோன் அடித்தது. வாசலில் படுத்திருந்த ஊர்க் கழுதைகள் எழுந்து ஓடின. அதைச் சரிசெய்தேன். இப்போது அருமையாகப் பாடுகிறது. வலப்பக்க ஸ்பீக்கர் மட்டும் பேசவில்லை, அது முதலே பழுது. கூட்டின் திருகாணிகளில் நான்கைத்தான் திரும்பப் பூட்டினேன். நான்கே போதும்.

பரீனா வந்ததும், இழுக்கிறதா என்று போட்ட உடனேயே செற் நாடாவைத் தின்றுவிட்டது என்றேன். காப்பாற்றப் பார்த்தேன், துண்டு துண்டாகப் போய்விட்டது, கூட்டையாவது வீணாக்காமல் காரில் வைத்திருக்கிறேன் என்றேன். அவள் காருக்குள் போய் இருந்தாள். கசற் வாயில் மாமாவின் கையெழுத்து தெரிகிறது. விரலால் அதைத் தடவிக்கொண்டு அழுதாள். சத்தமில்லாத அழுகை. அஸர் தொழுதுவிட்டு வந்து என் பக்கத்தில் இருந்தாள். என்னைத் தேற்றத்தான் வந்தாள்.

"நீங்க கவலப்படாதீங்கோ. வேணுமெண்டே செஞ்சனீங்க? அதில என்ன இருந்ததெண்டு உம்மா எனக்குச் சொன்னவ. முதல்ல உங்களப் பகிடி பண்ணுவாராம், ஏதோ றேடியோக் கதையாம். மற்றப் பக்கத்தில, 'பகிடிக்குச் சொன்னனான், மகளுக்கு விருப்பமெண்டா எனக்குப் பூரண சம்மதம்' எண்டு அழுது அழுது அல்லாஹ்ட்ட எனக்கு துஆக் கேட்டவராம். அந்த துஆவ வாப்பாட வாயால ஒருக்காக் கேக்கோணும் எண்டு இருந்தனான். பகிடியக் கேக்கேக்க உங்கட முகத்தையும் பாக்கோணும் எண்டு இருந்தனான்."

பெருநாள் அன்று ரிஸ்கான் முகத்தைத் தூக்கி வைத்திருந்தான். "மச்சானுக்கு ஒரு கசற்றப் போடத் தெரியாதோ?" என்று கேட்டுவிட்டான். பரீனா விடவில்லை. "அவர்ட கை பட்டுத் திருந்தாத சாமான் இந்த வீட்டில இல்ல. இது அல்லாஹ்ட நாட்டம்" என்றாள். நான் வட்டிலப்பத்தைத் தொடர்ந்து சாப்பிட்டேன்.

அடுத்த கிழமை சின்னத்தம்பியிடம் நாடாவைப் பற்றிச் சும்மா ஒரு பேச்சுக்குக் கேட்டேன். அறுவடையோடு கழற்றி, வைக்கோலில் சேர்த்துக் கொளுத்திவிட்டதாகச் சொன்னார்.

முழுமையாகச் சொல்வதென்றால் இன்னொன்றும் உண்டு. அந்தக் கீதக் கசற்றுகளில் ஒன்றிலும் திருகாணி இருந்தது. நான் எல்லாவற்றையும் பார்த்துவிட்டுத்தான் மாமாவை எடுத்தேன்.

ஆனால் மாமா சொன்னதில் பாதியாவது பிழை என்று நீங்களே இப்போது காண்கிறீர்கள். உடைத்ததை ஒத்துக்கொள்ள மாட்டான் என்றாரே, ஒன்றுவிடாமல் உங்களிடம் ஒத்துக்கொண்டுவிட்டேன். பரீனாவின் காதில் மட்டும் போட்டுவிடாதீர்கள்.