அக்காள் பெயரில் கொடுக்க வந்த ரத்தம்

வேலூர் லாங் பஜார் பக்கம் ரத்தப் பரிசோதனைக்கு நின்ற வரிசையில் எனக்கு முன்னால் ஒரு தாயும் அவருடைய இளைய மகளும் இருந்தார்கள். தைராய்டு பார்க்கச் சொல்லியிருந்த மூத்த மகள், கர்ப்பிணி, வரவில்லை. ஆம்பூரில் ஷூ கம்பெனியில் வேலையில் இருந்தாள்.

“அக்கா பேருக்கு நீ குடுத்துடுடி. ஒரே வயித்துல பொறந்தவங்கதானே, ரத்தம் வேறயாவா இருக்கும்?”

“நான் இன்னா மாசமாவா இருக்கேன்? கொழந்த மூளை வளர்றதுக்குத்தான் பார்க்கணும்னு டாக்டரம்மா சொன்னாங்க.”

“லீவு போட்டா சம்பளத்துல புடிச்சிக்குவான்டி.”

“எனக்கு நல்லா இருக்குதுன்னு வந்துட்டா, அக்காவுக்கு யாரும்மா மாத்திரை குடுப்பாங்க?”

வரிசையே திரும்பிப் பார்த்தது. உள்ளேயிருந்து மூத்தவளின் பெயரைக் கூப்பிட்டார்கள். இருவரும் நகரவில்லை.

தாய் முந்தானையை முகத்தின்மேல் இழுத்துக்கொண்டார்.

“வா, போலாம். நாளைக்கு அவளையே கூட்டினு வர்றேன்.”

“லீவுக்கு எவ்ளோம்மா புடிப்பாங்க?”

தாய் தலை நிமிராமல் சொன்னார்: “நானூறு ரூபா.”