வைகாசியில் நகரும் பனிப்பாறை

காரைக்குடியிலிருந்து குன்றக்குடி போகும் டவுன் பஸ்ஸில், எனக்கு முன் சீட்டில் ஓர் அக்காவும் தங்கையும். தங்கையின் கல்யாணத்துக்காக முருகனுக்கு அர்ச்சனை செய்யப் போகிறார்கள் என்பது பேச்சிலேயே தெரிந்தது.

“வைகாசி முகூர்த்தம் வேணாங்க்கா. அப்பத்தான் பனிப்பாறைக்கு அடியில தண்ணி எறங்கும்,” என்றாள் தங்கை. அதற்குமேல் நான் எப்படித் தூங்குவது?

“இமயமலையில தண்ணி எறங்குனா ஒனக்கு என்னடி?”

“அத அளக்குறதுதானக்கா எனக்கு வேலை. பொங்கலுக்கு வெள்ளையடிக்கையில, பீரோவுக்கு அடியில சோப்புத் தண்ணிய ஊத்தி நகட்டுனோம்ல? அது மாதிரிதான். மேல உருகுற தண்ணி வெடிப்பு வழியா அடிக்குப் போயி, அம்புட்டுப் பெரிய பனிப்பாறையையும் லேசாத் தூக்கி வழுக்க விட்டுரும்.”

“கல்யாணத்த முடிச்சிட்டு ஆனியில போயி அளந்துக்க.”

“அதுக்குள்ள தண்ணி அடியிலயே வாய்க்கா அறுத்து ஓட ஆரம்பிச்சிரும். வழுக்குறது கொறஞ்சுரும். மொதத் தண்ணி எறங்கையில நான் அங்க இருக்கணும்.”

“வைகாசிய விட்டா ஆனி, அப்பவும் நீ மலையிலதான் இருப்ப. அப்புறம் ஆடி, ஆகாது. ஆவணிக்குத்தான் தள்ளணும். மாப்பிள்ளை வீட்ல யாரு சொல்றது?”

“நானே சொல்றேன்.”

அக்கா தன் போனை எடுத்து மாப்பிள்ளையின் அப்பாவைக் கூப்பிட்டாள்.

“மாமா, நல்லா இருக்கீகளா? முகூர்த்தத்த ஆவணிக்கு மாத்திருவோம். என்ன இப்புடிக் கேக்கீக, பொண்ணுக்குச் சம்மதந்தான். பனிப்பாறை காத்திருக்காது மாமா. ஒங்க மகன் காத்திருப்பாரு.”