தலைகீழ் மயிலும் துரை டிசைனும்

துரைக்கண்ணு: ...அதான்மா சொல்றேன். பிரச்சினை எனக்கு இல்ல. எங்க மச்சானுக்கு.

சத்யப்ரியா: ஐயம்பேட்டையில தறிக்கு டிசைன் ஏத்துற ஜக்கார்டு பெட்டி விக்கிற துரைக்கண்ணு அண்ணா, கடையை சாத்திட்டு என் ஆபீஸுக்கே வந்திருக்கீங்க. மச்சான் வரக்கூடாதா?

துரைக்கண்ணு: அவன்... தாமலுக்குப் போயிருக்கான். ஏரிக்கரையில ஏதோ வேலையாம்.

சத்யப்ரியா: நானே தாமல்தாண்ணா. யாரு வீடு?

துரைக்கண்ணு: பாண்டியன்னு பேரு. வீடு மாத்திக்கினே இருப்பான். நீ பாத்திருக்க மாட்ட.

சத்யப்ரியா: சரி. பாண்டியன் மச்சானுக்கு என்ன?

துரைக்கண்ணு: மயில் தலைகீழா தொங்குது.

சத்யப்ரியா: எங்க?

துரைக்கண்ணு: முந்தானையில. கம்ப்யூட்டர்ல பாத்தா நேரா நிக்குது. தறியில ஏத்தினா வவ்வாலு மாதிரி தொங்குது. முகூர்த்தப் புடவைமா. பொண்ணு வீட்டுக்காரங்க பாத்தா என்னா ஆவும்?

சத்யப்ரியா: எந்த சாஃப்ட்வேர்ல போட்ட டிசைன்?

துரைக்கண்ணு: ஏதோ ஒண்ணு. இப்ப அதா முக்கியம்?

சத்யப்ரியா: டாக்டர்கிட்ட வந்துட்டு, என்ன மாத்திரை முழுங்கினேன்னு சொல்ல மாட்டேன்னா எப்டிண்ணா?

துரைக்கண்ணு: உன்னுது மாதிரிதான் இருக்கும். நீ செஞ்ச 'கோர்வை' இருக்குதே... புடவைக் கரையையும் உடலையும் ஸ்க்ரீன்லயே கோத்துக் காட்டுமே... அதே மாதிரி. ஆனா வேற.

சத்யப்ரியா: என்ன வேற?

துரைக்கண்ணு: கலரு. அது அரக்கு.

சத்யப்ரியா: எங்களுது மாம்பழ மஞ்சள்.

துரைக்கண்ணு: பாத்தியா? அப்ப வேறதானே.

சத்யப்ரியா: டீ ஆறுது, குடிங்க.

துரைக்கண்ணு: குடிக்கிறேன். ஒண்ணு கேக்குறேன், தப்பா நெனைக்காத. உன் சாஃப்ட்வேரை நெட்ல சும்மா போட்டு வச்சிருக்க. உள்ளே எழுதினதைக்கூட எல்லாருக்கும் தொறந்து காட்டற. அப்புறம் எப்டி பதினோரு பேருக்கு வேலை குடுக்குற?

சத்யப்ரியா: இதுவும் மச்சான் கேக்கச் சொன்னாரா?

துரைக்கண்ணு: அவனுக்கு எல்லாத்துலயும் ஆசைமா.

சத்யப்ரியா: ஆரம்பத்துல ஒண்ணும் வரலண்ணா. சென்னை வேலையை விட்டுட்டு வந்து எழுதினேன். மொத வருஷம் ஆரணியில ஒருத்தர் எடுத்தாரு. அவரும், இதை எப்டி அழிக்கிறதுன்னு கேக்கத்தான் எழுதியிருந்தாரு.

துரைக்கண்ணு: அடப் பாவமே.

சத்யப்ரியா: ரெண்டாம் வருஷம் தர்மவரத்துலருந்து ஒருத்தர், மொத்தத்தையும் தெலுங்குல மாத்தி அனுப்பிட்டாரு. நான் கேக்கவே இல்ல.

துரைக்கண்ணு: சும்மாவா? எதுக்கு?

சத்யப்ரியா: அவரு தறிக்கு தெலுங்கு வேணும், செஞ்சாரு. செஞ்சதை எல்லாருக்கும் குடுத்தாரு. அதுக்கப்புறம் ஆந்திரா பக்கம் நான் போவாமயே பரவிடுச்சி. அப்பத்தான் ஒரு பெரிய முதலாளி வந்தாரு. முப்பது தறி. நல்லாத்தான் இருக்குது, ஆனா எனக்கு வேணாம்னுட்டாரு.

துரைக்கண்ணு: ஏனாம்?

சத்யப்ரியா: சும்மா கெடைக்கிற சாமானை நம்பி தை மாசத்துல தறி ஓட்ட முடியாதாம். நின்னு போச்சின்னா யாரு சட்டையைப் பிடிக்கிறதுன்னு கேட்டாரு.

துரைக்கண்ணு: நியாயம்தானே.

சத்யப்ரியா: எனக்கும் அப்பத்தான் புரிஞ்சிது. சாஃப்ட்வேரை சும்மா குடுத்துட்டு சட்டையை வித்தேன்.

துரைக்கண்ணு: சட்டையையா?

சத்யப்ரியா: பிடிக்கிறதுக்கு ஒரு சட்டை. வருஷ சந்தா கட்டிட்டா, கூப்பிட்டவொடனே போன் எடுப்போம். ஆளை அனுப்புவோம். புது ஆளுக்குச் சொல்லிக் குடுப்போம். மொத சட்டை அந்த முதலாளிக்கு. இப்ப சூரத் வரைக்கும் போவுது.

துரைக்கண்ணு: அது சரி... எவனாவது உன்னுதை அப்டியே எடுத்து, வேற பேரு வச்சி வித்தான்னா?

சத்யப்ரியா: விக்கலாம்.

துரைக்கண்ணு: விக்கலாமா?

சத்யப்ரியா: லைசன்ஸ்லயே எழுதியிருக்குது.

துரைக்கண்ணு: போலீஸ், கோர்ட்டு எல்லாம்...

சத்யப்ரியா: எதுக்கு? எங்க பேரை அழிக்கக் கூடாது. என்ன மாத்தினாங்களோ அதையும் நாங்க காட்டற மாதிரியே காட்டணும். அவ்ளோதான்.

துரைக்கண்ணு: பேரை அழிக்கக் கூடாதா...

சத்யப்ரியா: ஏண்ணா வேர்க்குது?

துரைக்கண்ணு: டீ சூடுமா.

சத்யப்ரியா: ஆறிப் போச்சிண்ணா. சரி, நாளைக்கு வாலாஜாபாத் நெசவாளர் சங்கத்துல ரெண்டு சாஃப்ட்வேரைப் போட்டுப் பாக்கப் போறாங்க. ஜெயிக்கிறவங்களுக்கு அறுவது தறி ஆர்டர். ஒண்ணு எங்களுது. இன்னொண்ணு 'துரை டிசைன்'னு பேராம். உங்களுக்குத் தெரிஞ்சவங்களா?

துரைக்கண்ணு: துரைன்னா... ஜில்லாவுல ஆயிரம் துரை.

சத்யப்ரியா: அரக்குக் கலராம்.

துரைக்கண்ணு: மச்சான் இல்லமா.

சத்யப்ரியா: தாமல்ல இல்லியா?

துரைக்கண்ணு: எங்கயுமே இல்ல. எங்க வீட்டுக்காரி ஒத்தப் பொண்ணு.

சத்யப்ரியா: நெனைச்சேன்.

துரைக்கண்ணு: நான்தான் எடுத்தேன். எனக்கு கம்ப்யூட்டரைத் தொறக்கவே பயம். வசந்த்னு ஒருத்தன், ரெண்டே நாள்ல பேரு மாத்தி, கலரு மாத்திக் குடுத்தான். இப்ப துபாய்ல இருக்கான். போனே எடுக்க மாட்டேன்றான். நேத்து கடைத் தறியில ஏத்திப் பாத்தேன், மயிலு தொங்குது. சாஃப்ட்வேரோட சேத்தாதான் என் பெட்டி வித்துப் போவுது, அது இல்லன்னா எவனும் என் பெட்டியைத் திரும்பிப் பாக்க மாட்டான். நாளைக்கு சங்கத்துல அறுவது நெசவாளி முன்னாடி தொங்கிச்சின்னா, அப்புறம் கடையைத் தொறந்து என்னா பண்றது? உன்கிட்ட வர எனக்கு மூஞ்சி இல்ல. இருந்தும் வந்தேன்.

சத்யப்ரியா: இந்தாங்க.

துரைக்கண்ணு: என்னா இது?

சத்யப்ரியா: பென் ட்ரைவ். இதை ஏத்துங்க, மயில் நேரா நிக்கும். சரி பண்ணி மூணு வாரம் ஆச்சி. நெட்லயும் கெடக்குது, யாரு வேணா எடுத்துக்கலாம்.

துரைக்கண்ணு: நான் உனக்கு எதிராளிமா. நாளைக்கு என் மயில் தொங்கினா ஆர்டர் உனக்குத்தானே?

சத்யப்ரியா: தொங்கிச்சின்னா, கம்ப்யூட்டரே வேணாம், ஓட்டை போட்ட பழைய டிசைன் அட்டையே போதும்னு எழுந்து போயிடுவாங்கண்ணா. அப்புறம் எனக்கும் இல்ல, உங்களுக்கும் இல்ல. ஆனா ஒரு கண்டிஷன். மொத பக்கத்துல 'கோர்வையிலிருந்து எடுத்தது'ன்னு போடணும். மாத்தினதையும் நெட்ல போடணும். அதை எங்க பசங்க செஞ்சி குடுப்பாங்க.

துரைக்கண்ணு: போட்டுடலாம். சின்னதா போடலாமா?

சத்யப்ரியா: படிக்கிற அளவுக்கு.

துரைக்கண்ணு: உனக்குப் பெரிய மனசுமா. நானா இருந்தா வாசல்லயே வெரட்டியிருப்பேன்.

சத்யப்ரியா: மனசெல்லாம் ஒண்ணும் இல்லண்ணா.

துரைக்கண்ணு: இல்லல்ல, நான் சொல்லித்தான் ஆவணும். ஆனா ஒண்ணு, காபி அடிச்சாலும் கௌரவமா வித்தேன். அம்பது பேருக்குக் குடுத்திருக்கேன். பத்து மாசமா ஒரு கஸ்டமர், ஒரே ஒரு கஸ்டமர், போன் பண்ணி குறைன்னு சொன்னது இல்ல. அந்த மட்டும் எனக்குப் பெருமைதான்.

சத்யப்ரியா: உங்களுக்குப் பண்ண மாட்டாங்கண்ணா. வசந்த் பேரை மாத்தினாரு, கலரை மாத்தினாரு, 'உதவி' பட்டனுக்குள்ள இருக்குற எங்க போன் நம்பரை மாத்த மறந்துட்டாரு. உங்க அம்பது பேரும் எங்களைத்தான் கூப்புடறாங்க. மயில் தொங்குதுன்னு மொதல்ல சொன்னதே உங்க கஸ்டமருதான். நாப்பத்தெட்டு பேரு சந்தாவும் கட்டிட்டாங்க. எங்ககிட்ட சும்மா எடுக்கறவங்க இப்டி கட்டறதில்ல... நாளைக்கு நீங்க எப்டியாவது ஜெயிச்சிடுங்கண்ணா, அதை நம்பி இன்னும் நாலு பேரை வேலைக்கு எடுத்துட்டேன்.