தேங்காய்ப்பால் மிதந்த ரத்தம்

பிரிக்பீல்ட்ஸிலிருந்து செந்தூலுக்குப் போகும் மினி பஸ். எனக்கு முன் இருக்கையில் இரண்டு பெண்கள். இளையவளின் கணவருக்குக் கருமாதி முடிந்து சில நாள்தான் ஆகியிருந்தது என்பது பேச்சில் தெரிந்தது.

“அவரு ரத்தத்துல தேங்காப்பால் மாதிரி மிதந்துச்சுக்கா,” என்றாள்.

அதற்குப் பிறகு என் காது வேறு பக்கம் போகவில்லை.

“என்னடி சொல்ற?”

“ரத்தம் எடுத்த குழாயத் தூக்கிக் காட்டுனாரு டாக்டர். மேல வெள்ளையா நிக்குது. அவ்வளவும் கொழுப்பாம். நெஞ்சுக்கு ரத்தம் போற வழி அடைச்சுக்கிட்டே வருது, இந்த வருசம் காவடி வேணாம்னாரு.”

“அப்புறம் ஏன் லா தூக்குனாரு?”

“விரதம் இருக்கோம், கறி மீனு கிடையாது, கொழுப்பு தானா எறங்கிடும்னாரு. நானும் நம்புனேன். பொழுதுபோனா கேசரி, பாயாசம், டின் பால் ஊத்துன தேத்தண்ணி. சீனியும் ரத்தத்துல கொழுப்பாகும்னு எனக்கு எங்கக்கா தெரியும்?”

பஸ் நின்றது. கண்டக்டர் கதவைத் தட்டினான். மறுபடி கிளம்பியது.

“பத்துமலையில பாதிப் படி ஏறுனவரு நெஞ்சப் பிடிச்சுக்கிட்டு ஆடுனாரு. கண்ணு மேல சொருகிருச்சு. சாமி வந்துருச்சுன்னு எல்லாரும் வேல் வேல்னு கத்துனாங்க. கூட வந்தவங்க உறுமிய இன்னும் வேகமா அடிச்சாங்க.”

“நீ பக்கத்துல இல்லையா?”

“இருந்தேன்க்கா. அவரு கால்ல விழுந்து கும்பிட்டுக்கிட்டு இருந்தேன்.”