ஜெர்மன்காரன் வீட்டு முகப்பு

சைரன் அலறுகிறது. சண்டை தொடங்கி ஆறாம் நாள். காலை பத்து இருபது. ஓடுகிறோம், நானும் ரியாஸும். எனக்கு ஊர் இலஞ்சி. அவனுக்குப் பக்கத்துத் தென்காசி. உக்ரைனில் கட்டடக்கலை படிக்கப் போன இரண்டு பேர்.

முதல் குண்டு தொலைவில். தொம். ஜன்னல்கள் மட்டும் அதிர்ந்தன. தெருக்கோடியில் மெட்ரோ நிலையம். பக்கத்திலேயே ஜெர்மன்காரன் வீடு. எப்போதோ ஒரு ஜெர்மானிய வணிகர் தன் நாட்டு மறுமலர்ச்சிக் காலப் பாணியில் கட்டியது. செங்குத்தான கூரை. அதையும் தாண்டி எழும் முக்கோண முகப்பு. படிப்படியாக ஏறும். ஓரமெல்லாம் கல் சுருள்கள்.

அந்த முகப்பை ரியாஸ் கல் கல்லாக அளந்து வரைந்திருந்தான். பேராசிரியர் அவன் படத்தை வகுப்புச் சுவரில் மாட்டினார். என் படத்தைத் திருப்பிக் கொடுத்தார். எனக்கு வயிறு எரிந்தது. ஒரே அறை, ஒரே சட்டியில் சோறு. இருந்தாலும் அவன் பென்சிலைச் சீவினாலே எரியும்.

"வாசலுக்குள்ள வாலே! சுவரு மூணடி கனம்!" கத்தியது நான்.

"வேண்டாம்லே! மேல முகப்பு தனியா நிக்கி, பின்னால பிடிப்பே இல்ல, சரிஞ்சிரும்! மெட்ரோவுக்கு ஓடு!"

அளந்தவன். அவனுக்குத் தெரியும். அவன் சொல்வது சரி என்று எனக்கும் பட்டது. இதிலும் இவன்தான் ஜெயிக்க வேண்டுமா? வாசலுக்குள் ஒடுங்கினேன். என்னை இழுத்துப் போகத் திரும்பி வந்தான்.

இரண்டாவது குண்டு அடுத்த தெருவில். காது அடைத்தது. தலைக்கு மேலே கல்லோடு கல் உரசியது; முகப்பு சரிந்து விழுந்தது. வாசல் நின்றது. நான் உள்ளே இருந்தேன். அவன் வெளிப்படியில் இருந்தான்.

ஊர் திரும்பிவிட்டேன்; இப்போது குற்றாலத்தில் சீசன். நான் அருவிப் பக்கம் போவதில்லை. அந்தச் சத்தம் எனக்கு ஆகவில்லை, கல் சரிவது போலவே கேட்கிறது.

போன வாரம் தென்காசியில் ரியாஸின் உம்மாவைப் பார்த்தேன். உக்ரைனில் அந்த ஜெர்மன்காரன் வீட்டைத் திரும்பக் கட்டுகிறார்கள். ரியாஸின் படத்தை விட்டால் வேறு அளவு கிடையாது. உம்மா போனில் போட்டோ காட்டினார். "எம்புள்ள பேரப் போட்டுல்லா பலகை வச்சிருக்காவ. பாத்தியாய்யா?"

பார்த்தேன். இறந்தவன் மேல், அவன் வீட்டிலேயே உட்கார்ந்துகொண்டு, மறுபடியும் பொறாமைப்பட்டேன். அவன் ஏன் அந்த வாசலுக்கு வந்தான் என்று உம்மா கேட்டதில்லை. நானும் சொல்லவில்லை. டீயைக் குடித்துவிட்டு வந்துவிட்டேன்.

இழந்தது இவ்வளவு. முகப்பு ஒன்று. என் இடது காது. ரியாஸ், வயது இருபத்திரண்டு, ஒரே பிள்ளை. முகப்பை அடுக்கிவிடுவார்கள்.

உம்மா, அவன் என்னைக் கூட்டிப்போகத்தான் வந்தான்.