கிணற்றில் கேட்ட இரண்டாவது சத்தம்

“ரெண்டாவது சத்தம் அண்ணங்காரனுதுங்க மாமா. தம்பி குதிச்சான், பின்னாலயே அண்ணனும்…”

“கல்லுடா அது. தம்பி அண்ணனப் புடிச்சுக் கெணத்துக்குள்ள தள்ளி உட்டுப்போட்டு…”

“தள்ளவே இல்லீங்க.”

“…மேல நின்னு தலமேல கல்லத் தூக்கிப் போட்டான். நானென்ன படம் பாக்காதவனா?”

“பாத்தீங்களா? உங்களுக்குத்தான் கண்ணே…” என்று தொடங்கிய கதிர்வேல் அதோடு நிறுத்திக்கொண்டான். நல்ல பையன்.

நான் கடலைக்காய் உரித்துக்கொண்டிருந்தேன். ஒரு சினிமாவுக்காக மாமனும் மருமகனும் இப்படிக் கத்திக்கொள்வது எனக்குப் பிடிப்பதில்லை. வீட்டில் இருக்கிறவர்கள் கொஞ்ச நேரம் பக்கத்தில் பக்கத்தில் உட்காருவதற்காகத்தான் சினிமா எடுக்கிறார்கள் என்பது என் கருத்து.

கதிர்வேல் என் வீட்டுக்காரருடைய அக்கா மகன். ரிக் வண்டி வைத்து வடநாட்டில் போர்வெல் கிணறு போடுகிறான். எங்களுக்குப் பிள்ளைகள் இல்லாததால், ஊருக்கு வரும்போதெல்லாம் வந்து எட்டிப் பார்த்துவிட்டுப் போவான். போன வருஷப் பொங்கலுக்கு முன்னால் சுவரை அடைக்கிற மாதிரி ஒரு டிவி வாங்கி மாட்டி, புதுப்படங்களெல்லாம் அதிலேயே வரும்படி செய்து கொடுத்தவனும் அவன்தான். ஆகவே நடந்ததில் அவனுக்கும் ஒரு பங்கு உண்டு.

போன வருஷத்துப் படங்களைப் பற்றித் தெரிய வேண்டுமென்றால் என்னைத்தான் கேட்க வேண்டும். பேர் வாங்கிய படம் எதையும் நான் விடவில்லை. என் வீட்டுக்காரர் அப்புசாமியும் விடவில்லை. நான் பார்த்தேன், அவர் கேட்டார். அவ்வளவுதான் வித்தியாசம்.

அவர் நாமக்கல்லில் லாரிக்கு பாடி கட்டும் பட்டறை வைத்திருந்தவர். இரும்புத் துணுக்கு தெறித்து வலது கண் அந்தக் காலத்திலேயே போய்விட்டது. மிச்சமிருந்த இடது கண்ணில் புரை விழுந்தது. மோருக்குள் முங்கிக்கொண்டு பார்க்கிற மாதிரி இருக்கிறது என்பார். வெளிச்சம் தெரியும், ஆள் நிற்பது தெரியும், முகம் தெரியாது.

கண் நன்றாக இருந்த காலத்தில் அவர் தனியாகத்தான் படம் பார்ப்பார். செவ்வாய்ப்பேட்டையில் தார்ப்பாய் வாங்க வேண்டும் என்று சேலத்துக்குப் பஸ் ஏறுவார். இருட்டியபின் தார்ப்பாய் இல்லாமல் வருவார்.

“என்ன படமுங்க?” என்பேன்.

“நல்ல படந்தான்.”

“கத என்னங்க?”

“கடசீல செத்துப் போயிர்றான்.”

எல்லாப் படத்துக்கும் அதுதான் கதை. என்னையும் ஒரு நாள் கூட்டிப் போகச் சொன்னால், “நீ பாத்து என்ன பண்ணப்போற?” என்பார். நான் அதை மனதில் வைத்துக்கொள்ளவில்லை. ஞாபகத்தில் மட்டும் வைத்துக்கொண்டேன்.

எனக்குச் சினிமா என்றால் பேச்சு. சின்னப் பெண்ணாக இருந்தபோது கல்யாண வீட்டிலும் கோயில் நோம்பியிலும் ஒலிபெருக்கிக் குழாய் கட்டி, படத்தின் கதைவசனத்தை மட்டும் போடுவார்கள். இரண்டு காட்டுக்கு அப்பால் களை எடுத்துக்கொண்டே கேட்பேன். பேசுகிறவர்கள் திடீரென்று பேச்சை நிறுத்திவிட்டால், அந்த இடைவெளியில் என்ன நடந்தது என்று கேட்கிறவள்தான் போட்டுக்கொள்ள வேண்டும். நான் அந்த இடைவெளிகளில் எத்தனையோ பேரைச் சேர்த்து வைத்திருக்கிறேன். சிலரைக் கொன்றும் இருக்கிறேன். என்னைப் பிடிக்க யாரும் வரவில்லை.

பொங்கலுக்கு வந்தது ஒரு போலீஸ் படம். என் கருத்தில், அதில் கதாநாயகனைவிட அவனுடைய பூட்சுக்குத்தான் வேலை அதிகம்.

“என்ன பண்றான்?” என்று கேட்டார்.

“ஒதைக்கறானுங்க.”

“இன்னுமா?”

“இன்னுந்தானுங்க.”

அவருக்குச் சலித்துப்போனது. எழுந்து போய்விடுவாரோ என்று இருந்தது. அதனால், “ஒதச்சு ஒதச்சு இடுப்புப் புடிச்சுக்கிச்சு போலிருக்குதுங்க. செவுத்துல சாஞ்சு உக்காந்துட்டான். ஒத வாங்குனவனே சொம்புல தண்ணி கொண்டாந்து குடுக்கறான்” என்றேன்.

அவர் சிரித்தார். புரையேறும் வரைக்கும் சிரித்தார். “டைரக்டரு வெவரமானவன்” என்றார். எனக்குக் கல்யாணமாகி அந்த வீட்டில் கிடைத்த முதல் பாராட்டு அது. இன்னொருவன் பேரில் வந்தது என்றாலும் வாங்கிக்கொண்டேன்.

அடுத்தது காதல் படம். ஊரே கொண்டாடியது. எனக்குப் பிடிக்கவில்லை. ஒருத்தன் ஒரு பெண்ணின் பின்னாலேயே படம் முழுக்க நடக்கிறான், கடைசியில் பஸ் ஸ்டாண்டில் அவள் ஒன்றும் பேசாமல் அவன் தோளில் சாய்ந்துகொள்கிறாள். சாய்வதற்கு என்ன அவசியம் வந்தது என்று படத்தில் எங்கேயும் இல்லை. நான் அவளை ஈரோட்டு பஸ்ஸில் ஏற்றி அனுப்பிவிட்டேன்.

“போயிட்டாளா?” என்றார் அவர்.

“திரும்பிக்கூடப் பாக்கலீங்க.”

“அவளுக்கு என்ன ஓணும்னு அவன் ஒரு வார்த்த கேக்கலையே. அதான் போயிட்டா” என்றார். மறுநாள் சாயங்காலம் டீயை வைக்கும்போது, “சௌந்திரம், இன்னைக்கு உனக்கு என்ன படம் ஓணும்னு சொல்லு, அதயே போடலாம்” என்றார். டீ தட்டில் கொஞ்சம் சிந்தியது. துடைத்தேன்.

இதையெல்லாம் நான் சொல்வது, சித்திரையில் கண் டாக்டரிடம் போனபோது எங்கள் வீடு எப்படி இருந்தது என்பது உங்களுக்குத் தெரிய வேண்டும் என்பதற்காக. அங்கே கண்ணில் மருந்து விட்டார்கள், விளக்கு அடித்துப் பார்த்தார்கள், பிறகு அவரை வெளியே பெஞ்சில் உட்காரவைத்துவிட்டு, கூட வந்தவர் யார் என்று என்னை உள்ளே கூப்பிட்டார்கள். டாக்டர் கொஞ்சம் நீளமாகவே பேசினார். நான் வெளியே வந்து சுருக்கமாகச் சொன்னேன்.

“பொரை இன்னும் முத்தலையாமாங்க. அடுத்த வருசம் வரச் சொன்னாரு.”

அவர் தலையாட்டினார். அவருடைய அப்பாவுக்கும் அப்படித்தான் சொன்னார்களாம். எங்கள் பக்கத்தில் கண்புரையும் தேங்காயும் ஒன்று. முற்றிய பிறகுதான் இறக்க வேண்டும் என்று பெரியவர்கள் எல்லோருக்கும் தெரியும். இந்தக் காலத்து டாக்டர்களுக்குத்தான் அது தெரிவதில்லை.

கோடையில் ஒரு பேய்ப் படம் வந்தது. பேய் என்றால் ஏதாவது பேச வேண்டும். இது வீட்டு மூலையில் நின்று முறைத்தது, வேறு ஒன்றும் செய்யவில்லை. சும்மா நிற்கிறதே என்று அதைப் பாத்திரம் கழுவ விட்டேன், துணி மடிக்கவும் விட்டேன். “பேயிக்கு இருக்கற பொறுப்பு எனக்கில்லாமப் போச்சு” என்று சொல்லி, அன்று தான் சாப்பிட்ட தட்டைச் சுவரைத் தடவிக்கொண்டே கொண்டுபோய்த் தொட்டியில் போட்டார். அந்தப் படத்தைப் பற்றி எனக்கு நல்ல அபிப்பிராயம்தான்.

ஆடியில்தான் அண்ணன் தம்பிப் படம் வந்தது.

இவருக்குச் செங்கோடன் என்று ஒரு தம்பி சேலத்தில் இருக்கிறார். பங்கு பிரித்ததில் இரண்டு பேருக்கும் பழைய மனத்தாங்கல் உண்டு. ஆனால் அண்ணனுக்குக் கண் தெரியவில்லை என்றதும் அவர் போன் செய்தார். அடுத்த ஞாயிற்றுக்கிழமை காரை எடுத்துக்கொண்டு வருவதாகவும், சேலத்தில் வேறொரு டாக்டரிடம் காட்டலாம் என்றும் சொன்னார். இவர், “பாக்கலாம், வா” என்றார். கேட்கிற குரலில் என்ன இருக்கிறது என்று எனக்குத் தெரியும். அது போகலாம் என்கிற பாக்கலாம்.

அந்த வாரம் நாங்கள் அந்தப் படத்தைப் போட்டோம். நல்ல படம். போன வருஷத்தில் ஒரே ஒரு படத்தைச் சொல் என்றால் அதைத்தான் சொல்வேன். ஒரே கிணற்றுக்காக அடித்துக்கொள்ளும் அண்ணனும் தம்பியும் பேசுகிற பேச்சு, நம் பக்கத்துக் காட்டில் நின்று கேட்கிற மாதிரி இருக்கும். கடைசியில் தம்பி வந்து அண்ணன் கையைப் பிடித்து, அந்தக் கிணற்று மேட்டுக்குக் கூட்டிப் போகிறான். பேச்சு இல்லை. பாட்டுச் சத்தம் மட்டும். சின்ன வயதில் குதித்த மாதிரி இரண்டு பேரும் கிணற்றில் குதிக்கிறார்கள். முதலில் தம்பி, பின்னால் அண்ணன். எனக்குக் கண் கலங்கியது.

“என்னமோ உளுந்துச்சே?” என்றார் பக்கத்திலிருந்து.

“தம்பி தள்ளி உட்டுட்டானுங்க.”

“யார, அண்ணனையா? கையப் புடிச்சுக் கூட்டிட்டு வந்தவனா?”

“அவனேதானுங்க.”

“இன்னொரு சத்தங் கேட்டுச்சே?”

அதை நான் எதிர்பார்க்கவில்லை. ஆனால் சத்தம் கேட்டது கேட்டதுதான், அதற்கு ஏதாவது போட வேண்டும். “கல்லுங்க. அண்ணன் மேல வந்துருவான்னு பெரிய கல்லாப் பாத்து உருட்டி உட்டான்” என்றேன்.

பெயர்கள் ஓடத் தொடங்கியதும் டிவியை அமத்தினேன். அவர் இருட்டை விட்டு முகத்தைத் திருப்பாமல் உட்கார்ந்திருந்தார். ஞாயிற்றுக்கிழமை செங்கோடன் கார் வந்து வாசலில் நின்றது. இவர் கட்டிலை விட்டு எழவில்லை. “கண்ணு இன்னும் முத்தல. நீ போயிட்டு வா” என்றார். தம்பி கையை நீட்டியபோது இவர் தன் கையை வேட்டிக்குள் வைத்துக்கொண்டார். செங்கோடன் ஒரு வாய் தண்ணீர்கூடக் குடிக்காமல் போனார். ஒரு சினிமாவுக்கு அவ்வளவு சக்தி இருக்கும் என்று நான் நினைக்கவில்லை. கொஞ்சம் நினைத்தேன்.

இன்றைக்குக் கதிர்வேல் வந்தது அந்தச் செங்கோடனின் காரில்தான்.

“சின்ன மாமா அனுப்பிச்சாருங்க மாமா. டாக்டரு சொல்லி வருசம் ஒன்னாச்சு. ஒருக்கா வந்து காட்டிட்டு வந்துருங்க” என்றான்.

“அந்தப் படத்துல தம்பி என்ன பண்ணுனான்னு பாத்தீல்ல? கூட்டிட்டுப் போறவன் கையி எப்பிடின்னு அப்பறந்தான் தெரியும்” என்றார் இவர். அப்படித்தான் சண்டை வந்தது.

“செரி, இருங்க. போட்டே காட்டறேன்” என்று கதிர்வேல் டிவியைப் போட்டான். நேராகக் கடைசிக்குக் கொண்டுபோனான். கிணற்று மேடு வந்தது. பாட்டு வந்தது. முதல் சத்தம். இரண்டாவது சத்தம்.

“கல்லு” என்றார் இவர்.

பெயர்கள் ஓடத் தொடங்கின. பழக்கத்தில் என் கை ரிமோட்டுக்குப் போனது. அது கதிர்வேல் மடியில் இருந்தது. “அமத்தாதீங்க அத்தை, இன்னுங் கொஞ்சம் இருக்குது” என்றான். பெயர் ஓடும்போது யார் பார்ப்பார்கள்? போன வருஷம் முழுக்க ஒரு படத்தையும் நான் பெயர்கள் முடிகிற வரைக்கும் பார்த்ததில்லை. நான் செய்த தப்பு அது ஒன்றுதான்.

பெயர்கள் ஓடி முடிவதற்குள் டாக்டர் சொன்னதையும் சொல்லிவிடுகிறேன். “அம்மா, நல்லா முத்திருச்சு. அடுத்த வாரமே எடுத்துறலாம், மறுநாளே பேப்பர் படிப்பாரு. தள்ளிப்போட்டீங்கன்னா உள்ள அழுத்தம் ஏறி, இருக்கற ஒத்தக் கண்ணும் போயிரும். அப்பறம் யாராலயும் ஒன்னும் பண்ண முடியாது.” அவர் நிறுத்தி நிறுத்தி, எனக்கு விளங்கும்படிதான் சொன்னார். எனக்கும் விளங்கியது. தீபாவளிப் படங்கள் முடியட்டும் என்று முதலில் நினைத்தேன், பிறகு பொங்கல் படங்கள். நான் அவர் கண்ணை எடுக்கவில்லை. அடுத்த வருஷத்துக்குத் தள்ளிவைத்தேன், அவ்வளவுதான். போன வாரத்திலிருந்து கண் சிவந்து, வலி தலை வரைக்கும் ஏறுகிறது என்கிறார். வெளிச்சமும் முன்னைப்போல் தெரியவில்லையாம். “முத்துதுங்க, அப்பிடித்தான் இருக்கும்” என்று ஈரத்துணி நனைத்து வைத்தேன். என்னைவிட நன்றாக அவரை யார் பார்த்துக்கொள்வார்கள்?

பெயர்கள் முடிந்து திரை கறுத்தது. அந்தக் கறுப்பிலிருந்து கிணற்றுக்குள் பேசுகிற மாதிரி ஒரு குரல் வந்தது.

“அண்ணா, தண்ணி சில்லுனு இருக்குதா?”

“பல்லெல்லாம் ஆடுதுடா. படி எந்தப் பக்கம்?”

இரண்டு பேரும் சிரித்தார்கள். படம் முடிந்துவிட்டது.

முகத்தைக் காட்டியிருந்தால் நான் அதற்கு ஏதாவது சொல்லியிருப்பேன். பேச்சுக்கு நான் ஒன்றும் செய்ய முடியாது. என் மடியில் கடலைத் தோல் இருந்தது. கதிர்வேல் என்னைப் பார்க்காமல் டிவியைப் பார்த்தான், அதில் ஒன்றும் இல்லை.

அவர் துண்டை எடுத்துச் சிவந்த கண்ணை ஒற்றிக்கொண்டார். கத்தவில்லை. நான் எங்கே உட்கார்ந்திருக்கிறேன் என்று மூச்சுச் சத்தத்தை வைத்துப் பார்த்து, சரியாக என் பக்கம் திரும்பினார்.

“டாக்டரு சொன்னதயும் நீதான சௌந்திரம் வெளிய வந்து எனக்குச் சொன்ன?”