கையை ஊன்றாமல் எழச் சொன்னவர்

மேடையில் அமர்ந்திருக்கும் மருத்துவப் பெருமக்களே, செவிலியச் சகோதரிகளே, டாக்டரம்மாவின் கணவரே, மகளே, அவர் கையால் நலம் பெற்று இங்கே திரண்டிருக்கும் என் உறவுகளே! எல்லோருக்கும் வணக்கம்.

நான் ஓய்வு பெற்ற வாத்தியார். "மைக்கைப் பிடிச்சா மணி அடிக்கிற வரைக்கும் விட மாட்டீங்க" என்று எச்சரித்துத்தான் என் மனைவி மேடையேற்றியிருக்கிறாள். ஆனாலும், நம் நாற்காலி டாக்டரைப் பற்றி அடங்கிய குரலில் பேச யாரால் முடியும்?

அவர் அறையில் கைப்பிடி இல்லாத நாற்காலி ஒன்று உண்டு. எந்த நோயோடு போனாலும் முதலில் அதில் உட்கார வேண்டும். "கையை ஊன்றாம எழுந்திருங்க பார்ப்போம்! தொடைத் தசையில பலம் இருக்கான்னு தெரியணும்." அப்படி வந்த பட்டப்பெயர்தான் அது.

என் மனைவிக்கு வயிற்றுவலிக்காக எடுத்த ஸ்கேனில், சிறுநீரகத்தின் மேல் தொப்பி போல இருக்கும் அட்ரீனல் சுரப்பியில் ஒரு சிறு கட்டி தெரிந்தது. புற்றுநோய் இல்லை, விட்டுவிடுங்கள் என்றார்கள். விட்டோம். ரத்த அழுத்தத்துக்கு ஒரு மருத்துவர், சர்க்கரைக்கு ஒருவர், தும்மியதற்கே முறிந்த விலா எலும்புக்கு இன்னொருவர். இத்தனைக்கும் வேர் ஒன்றாக இருக்குமோ என்று கேட்டவர் யார்? அந்த நாற்காலியிலிருந்து எழ முடியாமல் அவள் என் தோளைப் பற்றியதைக் கவனித்தவர் யார்? நம் டாக்டரம்மா!

"வயசாயிடுச்சும்மா" என்றாள் மனைவி.

"வயசு மேல பழி போடாதீங்க. பாவம், அது வாயில்லாத ஜீவன்."

இரவில் ஒரு மாத்திரை, காலையில் ரத்தப் பரிசோதனை. வாத்தியாருக்குப் புரிகிற மொழியில் முடிவைச் சொன்னார்: "தலைமையாசிரியர் நுழைஞ்சா வகுப்பு கப்சிப்னு ஆகணும்ல சார்? அந்த மாத்திரைதான் தலைமையாசிரியர். அதைக் கண்டதும் அட்ரீனல் சுரக்கிற கார்டிசால் ஹார்மோன் அடங்கணும். உங்க வீட்டம்மா கட்டி அடங்கல. கத்தல, முணுமுணுக்குது. ஆனா வருஷக்கணக்கா முணுமுணுக்குது! அழுத்தம், சர்க்கரை, எலும்பு, தசை எல்லாத்தையும் கெடுத்தது அதுதான்."

"எடுத்துட்டா எல்லாம் சரியாயிடுமா?"

"எல்லாம்னு வாக்குத் தர மாட்டேன். நல்ல வாய்ப்பு இருக்கு. முடிவு உங்களோடது."

இதே அம்மாதான் அடுத்து வந்த தையல்காரரிடம், "உங்க கட்டி சமர்த்து. அது பாட்டுக்கு இருக்கட்டும்" என்று சொல்லிக் கத்தியைத் தொடாமலே அனுப்பினார். எடுக்கத் தெரிவது திறமை. எடுக்காமலிருக்கத் தெரிவது? அதுதான் மருத்துவம்!

சிறு துளைகள் வழியே கட்டியை எடுத்தார். அழுத்தம் இறங்கியது, சர்க்கரை இறங்கியது. என் மனைவிக்குத் தலைகால் புரியவில்லை. "நோய் போச்சு, மாத்திரை எதுக்கு?" என்று, அறுவைக்குப் பின் கொடுத்த மாத்திரை அத்தனையையும் குப்பையில் கொட்டிவிட்டாள். சில நாட்களில் வாந்தி, மயக்கம், பேச்சு மூச்சில்லை. அவசரப் பிரிவுக்கு டாக்டரம்மா ஓடி வந்தார், ஊசி போட்டார், கண் திறக்கும்வரை நகரவில்லை.

"அந்தக் கட்டி அதிகமாச் சுரந்ததால இன்னொரு பக்கச் சுரப்பி தூங்கிடுச்சு. அது முழிக்கிற வரைக்கும் இந்த மாத்திரைதாம்மா உயிர்!"

பிறகு என்னிடம் திரும்பினார். "இதை நான் முன்னாடியே சொன்னேன் சார். சொன்னது போய்ச் சேரலன்னா அது என் தப்பு. புதன்கிழமைதோறும் வாங்க. கட்டி எடுத்துக்கிட்டவங்க எல்லாருக்கும் நீங்க சொல்லுங்க."

தவற்றைத் தன் கணக்கில் எழுதிக்கொள்ளும் பெரியவர்களை நீங்கள் எத்தனை பேர் பார்த்திருக்கிறீர்கள்? அன்று முதல் அவர் அறை வாசலில் எங்கள் வகுப்பு நடக்கிறது. "நான் செஞ்ச கூத்தைக் கேளுங்க" என்றுதான் என் மனைவி பாடத்தைத் தொடங்குவாள். அதன்பின் ஒருவர்கூட மாத்திரையை நிறுத்தவில்லை!

அம்மா காலமான பிறகு வந்த முதல் புதன்கிழமை, வாசலில் சும்மா நின்றிருந்தோம். ஒரு லாரி ஓட்டுநர் ஸ்கேன் படத்தோடு வந்தார்.

"டாக்டரம்மா இருக்காங்களா?"

மனைவிதான் சொன்னாள்: "அவங்க இல்லைங்க தம்பி. ஆனா அவங்க சொல்லிக்கொடுத்தவங்க உள்ள இருக்காங்க. பயப்படாதீங்க."

மேடையிலிருக்கும் இளைய மருத்துவரே! அன்று கதவைத் திறந்து அவரை உள்ளே அழைத்தது நீங்கள்தான். அந்தக் கதவை மூடாதீர்கள். நடக்க முடிகிறவரை வாசலில் நாங்கள் இருப்போம். இது அவருக்கு நாங்கள் தருகிற வாக்கு. நாளை புதன்கிழமை. ஓட்டுநருக்கு ரத்தப் பரிசோதனை முடிவு நாளைதான் தெரியும். நாங்கள் சீக்கிரமே வந்துவிடுகிறோம்.